ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி

ஒரு மனிதனின் நம்பிக்கைக்கு அந்தக் கம்பெனி கட்டிய விலை முப்பது காசு. போன மாதம்வரை ஐம்பது. நம்பிக்கை மலிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைக்கிறவர்களின் கூலிதான் மலிந்தது.

கிழக்கு வெளுக்குமுன் நான்கு பேர் கம்பெனியின் மாடி அறையில் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். வேலை தேடுகிறவன் கண் விழித்ததும் போனைத்தான் திறப்பான். அதற்குள் கம்பெனியின் வேலை விளம்பரங்கள் அத்தனையும் 'இன்று வந்தது' என்று நிற்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து, சம்பளமும் இடமும் சரிபார்த்து, 'இந்த இடம் காலி' என்ற பொத்தானை அழுத்தினால் தேதி புதிதாகும், அழுத்தியவருக்கு முப்பது காசு சேரும். ஆறு மணிக்குள் அழுத்தாதது தானாக உதிர்ந்துவிடும். புகார் வந்தால் பழி அழுத்தியவர் தலையில் விழட்டும் என்று, மேலாளருக்குக்கூடக் கொடுக்காமல் அந்தப் பொத்தானை இந்த நால்வர் கையில் மட்டும் விட்டிருந்தது கம்பெனி. கெட்டிக்காரத்தனம் முற்றினால் அப்படித்தான்.

மணிக்கட்டு மரத்துப்போகும். கண்ணுக்குள் மணல் அரைக்கும். வாசலோரம் கண்ணாடிக்காரர், அடுத்து எல்லோருக்கும் மச்சான், பக்கத்தில் புதிதாகக் கல்யாணமான பெண், கடைசியில் அக்கா. கிடங்கு வேலையை இழந்த அக்காவின் கணவர், அவள் புதுப்பிக்கிற விளம்பரங்களுக்கே வீட்டிலிருந்து மனுப் போட்டுக்கொண்டிருந்தார். அவற்றில் பாதிக்கு ஆள் எப்போதோ சேர்ந்தாயிற்று என்பது அவளுக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

அன்று கண்ணாடிக்காரரின் விரல் பாதியில் நின்றது.

"மச்சான், இதைக் கேளு. விளம்பரம் சரிபார்க்க ஆள் தேவை. நாலு இடம். அதிகாலை வேலை. ஒண்ணுக்குப் பதினஞ்சு காசு."

"அண்ணே, அது நம்ம வேலைண்ணே!"

"நம்ம நாற்காலியேதான். காலின்னு என்னையே அழுத்தச் சொல்லுது."

புதுப்பெண் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மேலாளர் காப்பிக் கோப்பையோடு வந்தார். "என்ன, கை நிக்குது?"

"சார், இந்த நாலு இடமும் காலியா?"

"சும்மா போட்டு வைக்கிறதுய்யா. கடை வாசல்ல பொம்மைக்குச் சட்டை போட்டு நிறுத்தறதில்லையா, அது மாதிரி."

"பொம்மை போட்டிருக்கறது எங்க சட்டையாச்சே சார்" என்றான் மச்சான்.

மேலாளர் சிரிக்கவில்லை. "அழுத்தறவங்க இருப்பாங்க. அழுத்தாதவங்க நாளைக்கு வர வேண்டாம்."

கண்ணாடிக்காரர் 'தாண்டு' என்ற பொத்தானை அழுத்தினார். விளம்பரம் மச்சானின் திரைக்குப் போனது.

"இது முப்பது காசு விரல் சார். பதினஞ்சுக்கு வளையாது" என்றான் மச்சான். அவனும் தாண்டினான். புதுப்பெண் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினாள்.

அக்காவின் திரையில் வந்து நின்றது அது. அவளுக்குப் பின் தாண்ட ஆளில்லை. ஆறு அடிக்கச் சில நிமிஷம் இருந்தது. மேலாளர் அவள் காதோரம் குனிந்தார்.

"உன் வீட்டுக்காரர் மனு எங்கிட்ட ஒரு கட்டுக் கிடக்கும்மா. நீ அழுத்து. நாலுல ஒண்ணு உனக்கு, ஒண்ணு அவருக்கு."

வாடகை, அடுப்பு, மாதக்கணக்கில் சவரம் செய்யாத ஒரு முகம் எல்லாம் அந்தப் பொத்தானுக்கடியில் கிடந்தன. விரல் அதன்மேல் போய் நின்றது.

"அவருக்கு யார் நாற்காலி சார்?"

மேலாளரின் பார்வை பக்கத்து இருக்கைக்குப் போய் வந்தது.

"அக்கா..." என்றாள் புதுப்பெண்.

அக்கா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆள் உக்காந்திருக்கு சார். காலின்னு எப்படி அழுத்தறது?"

ஆறு அடித்தது. விளம்பரம் உதிர்ந்தது.

"காவலாளியக் கூப்பிடறேன்" என்று மேலாளர் வெளியே பாய்ந்தார்.

"யாரும் எழுந்திரிக்காதீங்க" என்றாள் அக்கா. "எழுந்தாத்தான் காலி."

நாற்காலிகள் தரையை உரசின. நான்கும் நெருங்கி ஒட்டிக்கொண்டன. மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மச்சான் கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்தான். வேர்த்திருந்தது, யாருடைய வேர்வை என்று தெரியவில்லை.

அன்றைய கணக்கு இது. வரவு: உதிர்ந்த விளம்பரம் ஒன்று. செலவு: அன்றைய கூலி, நாளைய உத்தரவாதம். இருப்பு: நாற்காலி நான்கு, ஆள் நான்கு. கம்பெனி தர வேண்டிய பாக்கி: விளம்பரத்துக்கு வெட்டிய இருபது காசு.