ஒரே வாட்டிதான் குதிப்பா

மூக்கண்டப்பள்ளிக் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முந்தின நாள் ரிசப்ஷனின் காகிதப் பூக்கள் மேடையில் தொங்க, அதன் கீழே ‘ஓவர்டைம்’ என்கிற பங்க் இசைக்குழு கிட்டார் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தது. பாடுகிற நாஸியா போச்சம்பள்ளி கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நிற்பவள். டிரம்ஸ் அடிக்கிற தானிஷுக்கு நாளையிலிருந்து புனே பிளான்ட்டில் வேலை. ஆக, இதுதான் கடைசிக் கச்சேரி. அதைப் படம்பிடித்து, ஜனங்கள் வீட்டு டிவியில் போட்டுப் பார்க்கிற மாதிரி பென் டிரைவில் கொடுக்க வேண்டும்.

கவிப்ரியாவின் பொறுப்பு அது. வீட்டில் முதல் பட்டதாரி. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு கல்யாண ஸ்டுடியோவில் அடுத்தவர் தாலிக்கு லைட் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இந்த வீடியோவைக் காட்டித்தான் பெங்களூரில் வேலை கேட்கப் போகிறாள். இரண்டாவது கேமராவுக்குக் கிடைத்தது அதே ஸ்டுடியோவின் கோபிதான்.

“கோபிண்ணா, நல்லா கேட்டுக்க. யாரையும் இங்க பாருன்னு சொல்லக் கூடாது. சிரிக்கச் சொல்லக் கூடாது. சாப்புடறவங்கள எடுக்கக் கூடாது.”

“சாப்பாடே போடலியே பாப்பா.”

“கடைசிப் பாட்டுல நாஸியா கூட்டத்து மேல குதிப்பா. ஒரே வாட்டிதான் குதிப்பா. உட்டா போச்சு.”

“எத்தன முகூர்த்தம் பாத்தவன், எங்கிட்டயேவா?”

கச்சேரி பிய்த்துக்கொண்டு போனது. சூப்பர்வைசரைத் திட்டி ஒரு பாட்டு, கேன்டீன் சாம்பாரைத் திட்டி ஒரு பாட்டு. கடைசியில் நாஸியா ஓடிவந்து பாய்ந்தாள். முன்வரிசையில் நின்ற அவளுடைய லைன் பெண்கள் அப்படியே தாங்கிக்கொண்டார்கள். பின்னால் நாற்காலிமேல் நின்ற கவிப்ரியாவுக்குத் தெரிந்ததெல்லாம் தலைகள்தான்.

மேடையோரம் கோபியின் கை உயர்ந்தது.

“பொண்ணு! ஒரு நிமிஷம்! மூஞ்சி வரல. மேல ஏறி இன்னொரு வாட்டி குதிம்மா, இங்க பாத்து!”

அதைவிடக் கொடுமை, எல்லாரும் நின்றுவிட்டார்கள். தானிஷின் குச்சி அந்தரத்தில் நின்றது. கிட்டார் நின்றது. கேமராக்காரர் நிறுத்து என்றால் ஐயரே மந்திரத்தை நிறுத்துகிற ஊர், இவர்கள் எம்மாத்திரம்?

கவிப்ரியாவுக்கு உச்சந்தலை காந்தியது. நாக்கின் நுனிவரை வந்துவிட்டது ஒரு வார்த்தை. ஆனால் கேமரா மைக் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கத்தினால் அதுவும் பதிவாகும். அணைத்துவிட்டுக் கத்தினால் கச்சேரி போகும். வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் செய்யாத காரியம்.

கைகளின் மேல் மல்லாந்து கிடந்த நாஸியா மைக்கைத் தூக்கினாள்.

“யாருண்ணா நீ, குவாலிட்டி டிபார்ட்மென்ட்டா?”

மண்டபம் சிரித்தது.

“ஏன்டி, நம்ம லைன்ல பீசு சரியா வரலன்னா என்னாடி பண்ணுவோம்?”

“ரீவொர்க்!” என்றாள் கீழே அவள் தோளைத் தாங்கியிருந்த வஜிஹா.

“கேக்கல!”

“ரீவொர்க்! ரீவொர்க்!”

நூறு பெண்களின் தொண்டை. ஷிப்டு ஷிப்டாகத் தின்ற வசவெல்லாம் அதில் இருந்தது. தானிஷ் அந்தத் தாளத்தை லபக்கென்று பிடித்தான். கிட்டார் பின்னால் ஓடிவந்தது. யாரும் எழுதாத பாட்டொன்று மண்டபத்தைக் குலுக்கியது. நாஸியா மேடையேறி, கோபியின் லென்ஸைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டே குதித்தாள். திரும்ப ஏறினாள். திரும்பக் குதித்தாள்.

“பாப்பா, இப்பதான் டாப்பா வந்துச்சு!” கோபி கூட்டத்தைத் தாண்டிக் கட்டைவிரலைக் காட்டினார்.

கவிப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவை மெல்லத் திருப்பி, அந்தக் கட்டைவிரலுக்கும் ஃபோகஸ் பிடித்தாள்.