பொல்லோடு வருகிறவன்

வசீகரனின் முன்பல் இரண்டையும் உடைத்த நாளிலிருந்து டனிஸ்ரனுக்கு நித்திரை சரியில்லை. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருவருக்கும் ஒரே கட்டடம். மேல்மாடியில் வசீகரன், கீழே டனிஸ்ரன். கார் நிறுத்தும் இடத்துக்காக வந்த வாய்த்தர்க்கத்தில் இவனுடைய கை முந்திவிட்டது. கை முந்துவது இவனுக்குப் பிறவிக்குணம். இரத்தத்தை உள்ளங்கையால் துடைத்தபடி வசீகரன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பொறு, உனக்கு இருக்கு." பொலிசுக்குக்கூடப் போகவில்லை. அதற்குப் பிறகு டனிஸ்ரன் ஒவ்வோர் இரவும் கதவுப் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.

வியாழக்கிழமை பின்னேரம் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மேல் பல்கனியில் கதைக்கிற சத்தம் கேட்டது. வசீகரனும் அவனுடைய கூட்டாளி உதயனும்.

"பெடியன் நாளைக்கு வாறான்," என்றான் வசீகரன். இல்லாத பல்லுக்குள்ளால் காற்றும் சேர்ந்து வந்தது.

"ஸ்காபரோவில இருந்தோ?"

"ஓம். பத்தொன்பது வயசுதான். கையைப் பாக்கோணும் நீ, உலக்கை! போன மாதம் அடிச்ச அடி மதிலுக்கு அங்கால போய் விழுந்ததாம்."

"பொல்லு?"

"சொந்தப் பொல்லு கொண்டு வாறான்."

"இவ்வளவு நாளும் அடி வாங்கினது காணும். இனி எங்கட முறை."

"முதல் அடியிலயே முடிச்சுப் போடுவான், பார்."

இருவரும் சிரித்தார்கள். டனிஸ்ரனின் கையிலிருந்த சட்டை நழுவி றோட்டில் விழுந்தது.

ஜரி பூங்காவில் விளையாடும் பேஸ்போல் அணியொன்றுக்கு மேலே இருந்த இரண்டு பேரும் பைத்தியம். அந்த அணி தொடர்ந்து எட்டு ஆட்டம் தோற்று, புதிதாக ஓர் ஆட்டக்காரனை எடுத்திருந்தது; அவனுக்குத் தங்க இடம் கொடுத்தது இவர்கள். கீழே நின்ற இந்த மடையனுக்குத் தெரிந்ததோ கிரிக்கெட் மட்டும். கிரிக்கெட்டில் பிடிப்பது மட்டை, பேஸ்போலில்தான் பொல்லு. பொல்லு என்றால் அவனுக்கு மண்டை உடைக்கிற பொல்லுத்தான்.

"ஏன் முகம் வெளிறிக் கிடக்கு?" என்று கேட்டாள் மனைவி பிரியந்தி.

"ஒண்டுமில்லை. நீர் நாளைக்கு செயின்ட்-மிஷேலில தங்கச்சி வீட்டை போய் நில்லும்."

வெள்ளிக்கிழமை மதியம் அவன் வாசல் கதவுக்குப் பின்னால் குந்தியிருந்தான். மாரிகாலத்தில் படியிலே உறைகிற பனியை உடைக்க வைத்திருந்த அலவாங்கு, கனத்த இரும்புக் கம்பி, மடியில் கிடந்தது. உள்ளங்கை வியர்த்து இரும்பு வழுக்கியது. சாகப் பயமாயிருந்தது, அவ்வளவுதான்.

படியில் கனத்த காலடி. கதவுக் கண்ணாடிக்கு அப்பால் ஆறடிக்கு மேல் ஒரு பெடியன். தோளில் நீளப் பை, அதிலிருந்து துருத்திக்கொண்டு ஒரு பொல்லின் பிடி. அழைப்புமணிப் பெயர்களைக் குனிந்து வாசித்தான். டனிஸ்ரன் கதவைத் திறந்ததும் அவன் சிரித்தான்.

"அண்ணை, நான் றொக்சன். வசீகரன் அண்ணை..."

அலவாங்கு இறங்கியது. முகத்தை மறைக்கத் தூக்கிய வலது கையில் பட்டு எலும்பு முறிந்த சத்தம் டனிஸ்ரனுக்கே கேட்டது. பெடியன் அலறிக்கொண்டு படியில் விழுந்தான். எழும்ப ஊன்றிய அதே கையின் மணிக்கட்டில் இரண்டாவது அடி. மூன்றாவது தோளில். பையிலிருந்த பொல்லு ஒவ்வொரு படியாகத் தட்டித் தட்டி உருண்டு றோட்டுக்குப் போனது.

மேலிருந்து இருவரும் பாய்ந்து வந்தார்கள். உதயன் அலவாங்கைப் பறித்து டனிஸ்ரனின் விலாவில் உதைத்தான். வசீகரன் நெஞ்சில் ஏறியிருந்து மூக்கு நசுங்கும்வரை குத்தினான்.

"அவனை ஏனடா அடிச்சனி? ஏனடா?"

"என்னை அடிக்கத்தானே..." இரத்தம் தொண்டைக்குள் இறங்கியது. "என்னை அடிக்கத்தானே இவனைக் கூப்பிட்டனி? நேற்றுச் சொன்னனியே!"

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"பந்தையடா," என்றான் வசீகரன். "பந்தை அடிக்க. உன்னை நான் எப்பவோ விட்டிட்டனடா."

டனிஸ்ரன் தலையைத் திருப்பினான். ஒரு முழத் தூரத்தில் றொக்சன் படியில் சாய்ந்திருந்தான். வலது கையை இடது கையில் குழந்தைப்பிள்ளையைப் போல ஏந்தியிருந்தான். மணிக்கட்டில் எலும்பு வெளியே தெரிந்தது. விரல்களை மடக்கப் பார்த்தான், ஒன்றும் மடங்கவில்லை.

"நாளைக்கு மட்ச்," என்றான். "நாளைக்கு விளையாடலாமோ, அண்ணை?"

டனிஸ்ரனிடம்தான் கேட்டான். பக்கத்தில் கிடந்தவன் அவன்தான்.