பிழை காட்டும் மானிட்டர்

பல்கேரியாவின் பிளோவ்திவ் நகரில் வரைபட நிறுவனம் நடத்தும் ஸ்த்ராஷிமிர், "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சும்மா" என்று எல்லார் முன்னாலும் சொல்லித்தான் வரைபடம் வரையும் ராட்காவை வேலையிலிருந்து துரத்தினார். மூன்று வருஷம் அவள் கெஞ்சியும் அந்த மங்கல் மானிட்டரை மாற்றிக் கொடுக்காத மனுஷன்!

இனி வீட்டிலேயே உட்கார்ந்து வரைவது என்று ராட்கா கடைக்குப் போனாள். விற்பனையாளர் வீடியோ கேம் ஆடுபவர்கள் வாங்கும் மானிட்டரையே காட்டினார்.

"மேடம், படம் மின்னல் வேகத்துல ஓடும்!"

"நான் போடுற கோடு எங்கயும் ஓடாதுப்பா. இதைத் திறந்து காட்டு" என்று பென் டிரைவை நீட்டினாள். ஸ்த்ராஷிமிர் போன மாதம் மாநகராட்சிக்குச் செய்துகொடுத்த நகர வரைபடம் அதில் இருந்தது. முதல் மானிட்டரில் அந்த வரைபடத்தில் ஆறு பிழைகள் தெரிந்தன. அடுத்ததில் பத்து. இருபத்தேழு அங்குல ஃபோர்-கே திரையில் மயிரிழைக் கோடுகூடத் துல்லியமாக நின்றது. பதினேழு பிழைகள் பல்லிளித்தன.

"இதையே கட்டிக் குடு."

புதுசாக எது வாங்கினாலும் தெரிந்தவர்களுக்கு இனிப்புக் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். அதை வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. மறுநாள் சாக்லேட் பெட்டியோடு பழைய அலுவலகத்தில் போய் நின்றாள். ஸ்த்ராஷிமிர் வேண்டாவெறுப்பாக ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"மானிட்டர் நல்லா உழைக்கட்டும்மா."

"உழைக்க ஆரம்பிச்சிடுச்சு சார். உங்க மேப்புல பதினேழு தப்பு காட்டுச்சு. மாநகராட்சியில இனிப்போட அந்தப் பட்டியலையும் குடுத்துட்டுத்தான் வர்றேன். இன்னொண்ணு எடுத்துக்கோங்க, அவங்க போன் வர்றதுக்குள்ள."