வேன் அக்கா

போன வருஷம் மலைச்சாலை ஓட்டத்தில் இரண்டாவது ஏற்றத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள். முடியாதவர்களை அள்ளிக்கொண்டு போவதற்கென்றே ஒரு வேன் கடைசியில் வரும். அது அவளையும் அள்ளிக்கொண்டது. அன்றிலிருந்து ஓட்டக் குழுவில் அவளுக்கு வேன் அக்கா என்று பெயர். வைத்தவர் குழுச் செயலாளர். முதலில் சிரித்தவர் அவளுடைய வீட்டுக்காரர்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். அதற்குப் பிறகு மேடு என்றாலே அவளுக்குப் பயம். கடைக்குப் போகும் வழியில் இருந்த மேம்பாலத்தில்தான் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தாள். முதலில் பாதி மேடு, பிறகு முழுசு. இந்த வருஷமும் வேனில் ஏறினால் ஷூவைப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

ஓட்டத்தன்று விடியற்காலையில் வீட்டுக்காரர்தான் அவள் பனியனில் நம்பரைக் குத்திவிட்டார். எப்போதும் அவர்தான் குத்துவார். குழுவின் பழைய ஓட்டக்காரர் இல்லையா! மூச்சை எப்படி விடுவது என்று பிரசங்கம் செய்துகொண்டே, அடுத்தடுத்த எண்ணாக வந்திருந்த இரண்டில் தன்னுடையதை அவளுக்கும் அவளுடையதைத் தனக்கும் குத்திக்கொண்டார். இருவரும் கவனிக்கவில்லை. காகிதத்துக்குப் பின்னால் ஒட்டிய மின்னணுச் சில்லுதான் நேரம் கணக்கிடும்; யார் மார்பில் இருக்கிறோம் என்று அதற்கு என்ன தெரியும்?

இரண்டாவது ஏற்றத்தில், போன வருஷம் உட்கார்ந்த அதே மைல்கல் வந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்துவிட்டாள். கால் இரண்டும் கெஞ்சின.

"செத்தாலும் இங்க உக்கார மாட்டேன்," என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"என்கிட்டயா சொன்னீங்க?" என்றார் பக்கத்தில் ஓடியவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த மூச்சிலேயே வளைவைத் தாண்டினாள். உச்சியில் காற்று முகத்தில் அடித்தபோது கொஞ்சம் அழுதாள். அப்புறம் இறக்கத்தில் விட்டாள் பாருங்கள், ஒரு ஓட்டம்!

முடிவுக்கோட்டில் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. முன்னால் முடித்த குழுவினர் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போயிருந்தார்கள். வீட்டுக்காரரைத் தேடியவள், வண்டிகள் நிற்கும் இடத்தில் கண்டாள். வேனின் படியில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் ஏற்றத்திலேயே சதை இழுத்துவிட்டதாம். பாவமாகத்தான் இருந்தது. குனிந்து நீவிவிட்டாள். அப்போதுதான் அவர் மார்பில் தன் எண்ணைப் பார்த்தாள்.

"ஏங்க, நம்பர் மாறிப்போச்சு!"

அவர் தன் மார்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சும்மா இரு, அப்புறம் சொல்லிக்கலாம்," என்று மேல்சட்டை ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு எழுந்தார்.

பந்தலில் செயலாளர் முடிவுப் பட்டியல் வந்திருந்த கைபேசியை ஆட்டியபடி வந்தார். "கலக்கிட்டீங்க சார்! இந்த மலையில இந்த நேரமா!" பிறகு அவள் பக்கம் திரும்பினார். "என்ன வேன் அக்கா, இந்த வருஷமும் சீட்டு கிடைச்சுதா?"

வீட்டுக்காரர் வாயைத் திறப்பார் என்று காத்திருந்தாள். திறக்கவில்லை.

"அது என்னோட நேரம்," என்றாள் அவள். "நம்பர் மாறிப்போச்சு. அவரையே கேளுங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஆமா ஆமா, அவங்களோடதுதான்!" என்றார் அவர். சொல்லிவிட்டுச் செயலாளரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பந்தலே சிரித்தது. உண்மையைச் சொல்லியே அதைப் பொய்யாக்கிவிட்டார் மனிதர். அவள் தன் மார்பைக் காட்டியிருக்கலாம். கட்டியவரே கண்ணடித்த பிறகு ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டிச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

காரில் அவர்தான் பேச்செடுத்தார். "நீ ஓடினது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அது போதாதா?"

"எனக்குத் தெரிஞ்சது போதும்," என்றாள். "உங்களுக்குத் தெரிஞ்சதுதான் ஒண்ணுத்துக்கும் உதவல."

அவர் பாட்டைப் போட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தொடையிலிருந்து பாதம்வரை நன்றாக, பெருமையாக வலித்தது. இந்த வலியைப் பற்றி வாய் ஓயாமல் சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்படிச் சொல்ல அவளுக்கு இருந்த ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.