ஒயில் விளக்கு அணையும் மட்டும்

தேங்காயும் கையுமாக நின்ற அம்மா கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தாள். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் விதுர்ஷாவின் பள்ளி வானை ஸ்டாட் பண்ணிவிட வேண்டுமென்று செட்டிபாளையத்துச் சொந்தமெல்லாம் ஜெயரூபனின் கராஜில் கூடியிருந்தது.

வானை ஸ்டாட் பண்ணும் திறப்பு விதுர்ஷாவின் கையில் இருந்தது. கட்டாரில் வீட்டு வேலை செய்து வாங்கிய வான் அது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. இறுகி நின்றுபோன எஞ்சினை முழுதாகப் பிரித்துப் பூட்டியவன் கூடப்பிறந்த அண்ணன் ஜெயரூபன்தான். ஆனாலும் இன்னொரு முறை எஞ்சின் இறுகினால் அவளுக்கு வேறு பிழைப்புக் கிடையாது.

"டீசலத் திறந்து உடுற வயரக் கழத்தி உடுங்கண்ணா. முதல்ல சும்மா சுத்துவம். ஒயில் ஏறி ஒயில் விளக்கு அணைஞ்ச பிறகுதான் ஸ்டாட்."

"நேரம் போகுதுகா! நான் பூட்டின எஞ்சினில உனக்கென்ன சந்தேகம்?"

"வான் என்ட. எனக்குத்தான் சந்தேகம் வரும்."

அத்தனை பேர் முன்னால் தங்கை இப்படிச் சொன்னதில் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். வயரை வெடுக்கென்று கழற்றினான். அவள் ஸ்டாட்டரை விட்டுவிட்டுச் சுற்றினாள். விளக்கு அணையவில்லை.

"லைட் வயரில பிழை. நீ ஸ்டாட் எடு."

"மாட்டன். எஞ்சினுக்குக் கீழ ஒயில் தட்டக் கழத்துங்க."

அம்மா தலையில் கைவைத்தாள். 'என்ன பிடிவாதம் இது' என்று முணுமுணுத்தபடி சொந்தக்காரர் நழுவத் தொடங்கினார்கள். விதுர்ஷாவுக்கு உள்ளூரப் பயம்தான். அண்ணன் சொன்னது சரியாகிவிட்டால் ஊரே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

திட்டிக்கொண்டே வானுக்கடியில் படுத்து ஒயில் தட்டைக் கழற்றிய ஜெயரூபனின் சத்தம் திடீரென்று நின்றது. கடற்காற்றில் மணல் போய்விடாமல் எஞ்சின் துவாரங்களைப் பழைய சாரத்துணியால் அடைத்துவைப்பது அவன் வழக்கம். ஒன்றை எடுக்க மறந்திருந்தான். ஒயில் போகும் வழியில் அந்தத் துணி இறுகிக் கிடந்தது. ஸ்டாட் பண்ணியிருந்தால் சொட்டு ஒயில் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரசி, கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும். விதுர்ஷாவுக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

மறுபடி பூட்டி முடியப் பதினொன்றரை தாண்டிவிட்டது. இந்த முறை சுற்றியதும் விளக்கு அணைந்தது. டீசல் வயரை மாட்டச் சொன்னாள்.

"பன்னிரண்டு மட்டும் பொறுகா. ராகு போகட்டும்," என்று அம்மா கெஞ்சினாள்.

"நல்ல நேரத்தில ஸ்டாட் பண்ணியிருந்தா, நல்ல நேரத்திலயே எஞ்சின் செத்திருக்கும்மா."

திறப்பைத் திருகினாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஜெயரூபன் போய்க் கேற்றைத் திறந்துவிட்டான்.