குழிமேட்டுச் சட்டைகள்

"உன் மெஷினை வாய மூடச் சொல்றியா, இல்ல நான் இறங்கி வந்து பெல்ட்டைக் கழட்டிப் போடவா?" என்று மாடிவீட்டுக்காரி கத்த, கீழ்வீட்டுத் தையல்காரியும் விடவில்லை. "வந்து கழட்டுங்கக்கா. பெல்ட் இல்லாமலும் அழுவுது. நேத்தே பார்த்துட்டேன்."

உண்மைதான். அவளுடைய மிதிமெஷின் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பொம்பளைக் குரலில் அழுதுகொண்டிருந்தது. மைதானத்துக் குழியை மூடிவிட்டு, அதில் யாருமே இல்லை, ஆகவே எந்த வீட்டிலும் அழுகைச் சத்தம் கேட்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிப்போன அன்று தொடங்கியது அது. அவள் புருஷன், பஸ் கண்டக்டர், அந்தக் குழியில்தான் இருந்தான். பிணங்களை லாரியிலிருந்து இறக்கும்போது அவள் தைத்த கட்டம்போட்ட சட்டையைத் தெருவே பார்த்தது; பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. "வெளியூர் போயிருக்கார்" என்று அவளும் காய்கறிக்காரரிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவந்தாள். அழுத வீட்டுக்கு ஜீப் வரும். மூலைவீட்டு வாத்தியாரைக் கண்ணைத் துடைத்ததற்கே கூட்டிப்போனார்கள். வெங்காயம் உரிச்சேன் என்றார் பாவம்; வீட்டில் வெங்காயம் இல்லை. மாடிவீட்டுக்காரிக்கோ கல்யாண வயதில் பெண். தொண்டை கிழியக் கத்தாமல் என்ன செய்வாள்?

கத்தியதில் ஜீப்பே வந்துவிட்டது. ஜன்னல்களெல்லாம் சாத்திக்கொண்டன, பார்க்க இடுக்கு மட்டும் விட்டு. அதிகாரி முக்காலியில் உட்கார்ந்து, "தை, பார்க்கலாம்" என்றார். அவள் மிதித்தாள். மெஷின் விக்கி விக்கி அழுதது. அதிகாரி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எண்ணெய் போடும்மா. காய்ஞ்சு கிடக்கு."

"போடறேங்கய்யா."

தையல் நேராக இருந்ததைப் பார்த்து, குழிமேட்டுக் காவலர்களுக்குப் புதுச் சட்டை தைக்கும் வேலையையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டுப் போனார். மாட்டேன் என்று சொல்லும் காலமா அது?

தைக்கத் தைக்க மெஷினின் குரல் இறங்கி, கடைசிச் சட்டையோடு ஊமையாகிவிட்டது. மடித்துவைத்த ஒன்றைக் காதருகே கொண்டுபோனாள். உள்ளே விசும்பல். இதைப் போட்டுக்கொண்டு ஒருவன் குழிமேட்டில் நின்றால் அடுத்த ஜீப் தனக்குத்தான். பிரித்துவிடலாம் என்று கத்தரியைத் தோள் மூட்டில் வைத்தாள். கட்டம்போட்ட சட்டைக்கும் இதே இடத்தில்தான் இரட்டைத் தையல் போட்டிருந்தாள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

உடம்புச் சூடு பட்டதும் சட்டைகள் வாய்விட்டு அழுதன. காவலர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு குழியைச் சுற்றி நிற்க, காலரும் கைமடிப்பும் ஓவென்று கதறின. எதிர்ப் பஸ் நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்தது. எந்தப் பஸ்ஸிலும் யாரும் ஏறவில்லை. ஆளுக்கொரு சட்டையை மனசுக்குள் தங்களுடையதாக வைத்துக்கொண்டு, உலர்ந்த கண்ணோடு கேட்டார்கள். இடது கோடிச் சட்டை தையல்காரியுடையது. ஜீப் வருமென்று ஒவ்வொரு நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. சட்டை அழுகிறது என்று மேலே சொன்னால் யாருக்காக என்று கேட்பார்கள். யாருமில்லை என்பதல்லவா உத்தரவு? அதிகாரி ஒரு காலரில் எண்ணெய் விட்டும் பார்த்தார்.

பிறகு பழகிப்போயிற்று. பஸ்ஸுக்கு நின்று நின்று மாடிவீட்டுக்காரியின் பெண் இடது கோடிக் காவலனையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்தில் எல்லோரும் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டியிருந்தது. வாத்தியாரின் மனைவி தன் அக்கா ஊருக்குப் போய்விட்டாள். தையல்காரி மைதானத்துக்கு எதிரே ஓர் அறை பார்த்துக் குடிபோனாள். சத்தத்துக்காக வாடகையில் கொஞ்சம் குறைத்தார்கள்.