ஜன்னலில் நின்ற ஹைப்பர்போலி

எங்கள் தெரு நசீராவிடம் ஆங்கிலத்தில் எம்.ஏ. பட்டம் இருக்கிறது, வேலைதான் இல்லை. அன்னவாசலில் இரண்டு பள்ளிகளில் மாதிரி வகுப்பு எடுத்துத் தோற்றுவிட்டாள். மூன்றாவது, குடுமியான்மலை சாலையில் உள்ள மெட்ரிக் பள்ளி. இதிலும் தேறாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்று மாமியார் பவுசியா சொல்லிவிட்டார். மெதுவாகத்தான் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்று, நான் என்ன செய்ய?

அவள் தோற்ற காரணமும் எனக்குத் தெரியும். மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி ஒத்திகை பார்ப்பாள். சிமிலி, மெட்டபர், ஹைப்பர்போலி, ஐரனி என்று ஆங்கில அணி ஒவ்வொன்றுக்கும் புத்தகத்து விளக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். கொடியில் தொங்கிய லுங்கிகளுக்கே கொட்டாவி வந்திருக்கும்.

மாதிரி வகுப்பு என் மகள் கார்த்திகா படிக்கும் எட்டாம் வகுப்பில் நடந்த அன்று பார்த்து, அவளுடைய சாப்பாட்டு டப்பா வீட்டிலேயே தங்கிவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படியே திரும்பியிருக்கலாம், ஆனால் வகுப்பறை ஜன்னல் திறந்திருந்தது.

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை பேனாவோடு உட்கார்ந்திருந்தார். நசீரா ஹைப்பர்போலிக்கு விளக்கம் ஒப்பித்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் அவளுக்கு வார்த்தை நின்றுபோனது. கண்கள் அங்குமிங்கும் அலைந்து என்மேல் வந்து விழுந்தன.

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள்.

"ஜன்னல்ல நிக்கிறாங்களே செவந்தியக்கா, எங்க பக்கத்து வீடு. போன வாரம் எங்க வீட்டுல தேளு ஒண்ணு வந்துச்சு. அக்கா சொல்லிச் சொல்லி, தெருமுனைக்குப் போறப்ப அது ஆட்டுக்குட்டி சைசு ஆயிருச்சு. ஏமாத்துறதுக்குச் சொல்லல. எவ்வளவு பயம்னு நமக்கு ஒறைக்கணும்னு சொன்னாங்க. அதான் ஹைப்பர்போலி."

வகுப்பு குலுங்கியது. அடுத்து ஐரனி. வாய் சொல்வது ஒன்று, நிஜம் அதற்கு நேரெதிர் என்று விளக்கிவிட்டு, உதாரணம் கேட்டாள். என் மகள் எழுந்தாள்.

"மிஸ், எங்கம்மா தெனமும் 'அடுத்த வீட்டுக் கதை நமக்கெதுக்கு'ம்பாங்க."

இந்த முறை தலைமையாசிரியையும் சிரித்துவிட்டார். பிறகு கைகள் உயர்ந்துகொண்டே இருந்தன. துடைப்பம் விற்கும் ஆவுடையப்பன் கடை வாசலில் கிடக்கும் குப்பை முதற்கொண்டு ஊரே வகுப்புக்குள் வந்தது. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம்தான். வரவில்லை. எம்.ஏ. படிக்காமலே ஆங்கிலப் பாடத்தில் இரண்டு இடம் பிடித்தவள் இந்த ஊரில் வேறு யார்?

திங்கட்கிழமையே வேலைக்கு வந்துவிடச் சொன்னார்கள். நசீரா பஸ் பிடித்து வருவதற்குள் நான் ஆட்டோவில் வந்து, தெரு முழுக்கச் சொல்லி முடித்து, கடைசியாகப் பவுசியாவிடம் போனேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர் அடுத்த மீனைக் கையில் எடுத்தார். நசீரா உள்ளே வந்ததும் அவளிடம் சொன்னார்.

"திங்கக்கெழமயிலேருந்து காலைல அடுப்ப நான் பாத்துக்கிறேன். நீ பஸ்ஸப் பாரு."

கையைக் கழுவிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "செவந்தி, இந்தச் சேதிய மட்டும் நீ வாயில போட்டுக்காத. தெருவுக்கு நானே சொல்லிக்கிறேன்."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் அப்போதுதான் கேள்விப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்கள்.